அணைக்கோட்டைப் பதக்கத்தைத் திரும்ப வாங்கிய கதை

முன்னொரு காலத்தில் ஒரு மனிதக் காதின் விலை உள்ளங்கையளவு செம்பு. அணைக்கோட்டை முற்றுகையில் கதவு திறக்காமல் காத்தவர்களுக்கு, காது போனாலும் கால் போனாலும், உயிரே போயிருந்தால் வீட்டாருக்கு, பெரியராஜா கொடுத்த பதக்கம் அது. வெற்றிலை வடிவம். முன்பக்கம் சாத்திய கோட்டைக் கதவு. பின்பக்கம் வெறுமை. "அங்கே எதைக் கீறிக்கொள்வது என்பது அவரவர் பாடு" என்றாராம்.

மகன் பட்டத்துக்கு வந்தார். "என் முகம் இல்லாத பதக்கம் என் நாட்டில் எதற்கு? இனி இது கிடையாது. கொடுத்ததையும் வாங்கி உருக்குங்கள்."

பொக்கிஷ அதிகாரி சிதம்பரராயருக்குச் சபையைச் சிரிக்கவைக்கும் விகடன் கொழுந்தப்பன்மேல் வெகுநாள் எரிச்சல். "பிரபு, இவன் கடைவீதியில் வளர்ந்தவன். ஒரு காசும் தராமல், கடைவீதி முறைப்படி இவனே வாங்கி வரட்டும். முடியாவிட்டால் சபையை விட்டுப் போகட்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் கொழுந்தப்பன் வெறுங்கையோடு வந்தான். பின்னால் பதக்கக்காரர்கள்.

"பிரபு, சரக்கைத் திரும்ப எடுத்தால், வாங்கினவர் கொடுத்ததைத் திருப்பித் தருவதுதான் கடைவீதி முறை. இவர்கள் காசு கொடுக்கவில்லை, கேட்கவும் இல்லை. கொடுத்ததைத்தான் கேட்கிறார்கள்."

ஒற்றைக் காதுக்கார வீரணன் முன்னே வந்தார். "இடது காதுங்க, மகாராஜா. வேற யாரோடதும் வேண்டாம், என்னோடதே வேணும்."

சபை சிரித்தது.

அடுத்து செம்பாயி பதக்கத்தைச் சிம்மாசனப் படியில் வைத்தாள். "எங்க வீட்டுக்காரரைக் குடுத்தேன். அவரைத் தந்துருங்க, நான் போறேன்."

யாரும் சிரிக்கவில்லை. ராஜா எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ஆணியால் கீறிய மாட்டுத் தலை.

"இது என்ன, தாயே?"

"அவருக்கு மாடுன்னா உசிருங்க."

ராஜா அதை அவள் கையிலேயே வைத்தார். "இதை வாங்க நம்மால் ஆகாது" என்றார் மெல்ல.

"ஒன்றை மட்டும் வாங்கலாம், பிரபு." கொழுந்தப்பன் சிதம்பரராயரின் சால்வையை விலக்கினான். உள்ளே பளபளவென்று அதே பதக்கம். "முற்றுகை முழுக்க ராயர் மாமனார் வீட்டு விருந்தில் இருந்தார். ராயரே, இதற்கு என்ன கொடுத்தீர்கள்? சொல்லுங்கள், இப்போதே திருப்பித் தந்துவிடலாம்."

ராயர் சால்வையை இழுத்து மூடப் பார்த்தார். ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, தம் கையாலேயே அதைக் கழற்றினார். ராஜாவின் முத்துமாலை கொழுந்தப்பன் கழுத்துக்குப் போனது.

"புதிதாக இனிப் பதக்கம் அடிக்க வேண்டாம். என் முகத்தோடும் வேண்டாம். கணக்கை எழுது."

கொழுந்தப்பன் எழுதினான்: கொடுத்த பதக்கம் நானூற்றுப் பதினொன்று. திரும்பியது ஒன்று, அதற்குத் தரவேண்டியது எதுவுமில்லை. மற்ற நானூற்றுப் பத்துக்கும் அரண்மனை பாக்கி.