நாலாவது பிஸ்கட்டிலிருந்து

ஆலப்புத்தூரில் புத்திக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவு செய்வதில்லை. வைத்தது வைத்தபடி இருக்கிறது.

அந்த ஊர் மாசிலாமணிக்குப் பெண் பார்த்தார்கள். பெண் செண்பகம், டவுன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாப்பிள்ளை உட்கார்ந்ததும் நாற்காலி முனகியதைக் கேட்டாள். தை பிறப்பதற்குள் பத்து கிலோ குறைத்துவிட்டு வந்தால் பேசலாம் என்றாள்.

மாசிலாமணிக்கு நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. இதற்கு முன் பார்த்த பெண்களெல்லாம் காரணம் சொல்லாமலே வேண்டாம் என்றார்கள். காரணம் சொன்னவள் இவள் ஒருத்திதான். அதனாலேயே இவளை விட்டுவிட அவனுக்கு மனசில்லை.

கிளம்பும்போது அவள் சில புத்திமதியும் சொல்லியிருந்தாள். பசியோடு கடைக்குப் போகக்கூடாது. எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்காமல் எடுக்கக்கூடாது. தனியாகப் போகாமல், கட்டுப்படுத்த ஒரு ஆளைக் கூட்டிப்போக வேண்டும்.

ஆளுக்கு அலைய வேண்டியதில்லை. சிநேகிதன் தணிகாசலம் இருந்தான். ஒல்லியுமில்லை, பருமனுமில்லை; யார் எது சொன்னாலும் நம்புகிற உடம்பு.

டவுனில் புதிதாகத் திறந்த சூப்பர் மார்க்கெட்டுக்கு இருவரும் புறப்பட்டார்கள். பசியோடு போகக்கூடாதே என்று மாசிலாமணி வீட்டிலேயே ஒரு ஈடு இட்லியை முடித்தான். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பசிக்கிறதா என்று தணிகாசலம் விசாரித்தான். லேசாக என்றான். எதிர் ஓட்டலில் புரோட்டா சாப்பிட்டார்கள். கடை வாசலில் மறுபடி விசாரித்தான். யோசித்துப் பார்த்தால் இருக்கிற மாதிரிதான் இருக்கிறது என்றான். மறுபடி ஓட்டல். இப்படியே சில நாள் போயிற்று. கடைக்குள் கால் வைக்க முடியவில்லை.

ஒருவழியாக உள்ளே நுழைந்ததும் பாக்கெட்டுகளைத் திருப்ப ஆரம்பித்தார்கள். ஒன்று விடவில்லை. மத்தியானத்துக்குள் கடை முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. ரவை வாங்க வந்த அம்மாள் சோப்புத் தூளோடு வீட்டுக்குப் போனாள். மேனேஜர் ஓடி வந்தார். ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று தணிகாசலம் பணிவாகச் சொன்னான். ஆஸ்பத்திரி என்றதும் மேனேஜரும் கேள்வி கேட்பதை விட்டுவிட்டார்.

பிஸ்கட் பாக்கெட்டின் பின்னால் பொடி எழுத்தில் ஒன்று போட்டிருந்தது: மூன்று பிஸ்கட்டில் நூற்றைம்பது கலோரி. இருவரும் கூடையைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள்.

"மூணுலதான்டா இருக்கு," என்றான் தணிகாசலம்.

"அப்ப நாலாவதுல?"

"அதப் பத்திப் பேச்சே இல்ல. இருந்தா போட்டிருக்க மாட்டானா? கம்பெனிக்காரன் எதுக்குடா மறைக்கப் போறான்?"

"சரி மச்சான். மொத மூணைத் திங்காம நாலாவதுக்கு எப்படிப் போறது?"

நியாயமான கேள்விதான். தணிகாசலம் வெகுநேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த மூணையும் நான் தின்னுடறேன். உன் கல்யாணத்துக்கு நான் வேற என்னத்தச் செய்யப்போறேன்?"

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்று முதல் தினம் ஒரு பெரிய பாக்கெட். முதல் மூன்று தணிகாசலத்துக்கு; கலோரி இல்லாத மிச்சம் முழுக்க மாசிலாமணிக்கு. அத்தனை கலோரியும் தன் வயிற்றில் அல்லவா இறங்குகிறது என்று பயந்து, தணிகாசலம் சோற்றையும் குழம்பையும் அடியோடு நிறுத்தினான். மாசிலாமணிக்கு அந்தப் பயம் இல்லாததால் எதையும் நிறுத்தவில்லை.

தை பிறந்தது. செண்பகம் தன் அம்மாவோடு வந்தாள். மருந்துக்கடை வாசலில் இருந்த எடை மெஷினில் மாசிலாமணி ஏறினான். ஆறு கிலோ கூடியிருந்தது. அவன் அசரவில்லை. இறங்கி, தணிகாசலத்தைத் தாங்கிப் பிடித்து ஏற்றிவிட்டான். பத்து கிலோ குறைந்திருந்தது.

"அது என்னோட பத்து கிலோதாங்க," என்றான் மாசிலாமணி. "எறக்கினது இவன். எறக்கினது எனக்காக."

தணிகாசலம் தலையை மட்டும் ஆட்டினான். பேசத் தெம்பில்லை.

செண்பகம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஒரு வார்த்தைக்காக இப்படிப் பட்டினி கிடந்த ஆம்பளையை அவள் பார்த்ததில்லை. தணிகாசலத்தின் கையைப் பிடித்து நாடி பார்த்தாள். பார்த்து முடித்த பிறகும் கையை விடவில்லை.

"அம்மா, எனக்கு இவரப் புடிச்சிருக்கு," என்றாள்.

சிநேகிதர்கள் இருவரும் தள்ளிப்போய் ஆலோசித்தார்கள். இது துரோகம், செத்தாலும் மாட்டேன் என்று தணிகாசலம் அழுதான். மாசிலாமணிதான் தேற்றினான்.

"எடைய என் சார்புல கொறச்சல்ல? தாலியையும் என் சார்புல கட்டிடு. அதுல என்னடா இருக்கு?"

அப்படியே கட்டினான். இப்போது செண்பகத்துக்கு ஒரு பெண் குழந்தைகூட இருக்கிறது. கல்யாண வாழ்க்கை எப்படிப் போகிறது என்று யாராவது கேட்டால் தணிகாசலம் வாயைத் திறப்பதில்லை, சிநேகிதனைக் கைகாட்டிவிடுகிறான். மாசிலாமணி பெருமூச்சு விடுகிறான்.

"என்னத்தச் சொல்ல. நேத்துகூட எனக்கும் அவளுக்கும் பெரிய சண்டை. திட்டு மட்டும் இவன் வாங்கிக்கிட்டான், பாவம்."