ஜபம் முடியும்வரை காத்திருந்த குருவிகள்

"குருவிகளுக்குக்கூட மனசு அடங்கிட்டு. எனக்கு அடங்க மாட்டேங்குதே, அம்மா!"

கோமதிநாயகம் இதைச் சொன்னபோது அங்கலாய்ப்பு பாதி, பெருமை பாதி. ரிட்டயரான தாசில்தார். அறுபத்து மூன்று வயதில் இந்தப் பனிமலை ஆசிரமத்துக்கு ஏறி வந்து, தன்னைவிட இருபது வயது இளையவரான பூரணி அம்மையிடம் தீட்சை வாங்கியவர்.

அம்மை வாசலில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தார். "எந்தக் குருவி, ஐயா?"

"என் ஜன்னல் விளிம்புல வந்து உக்காருமே, அதுகதான். பனி விழ ஆரம்பிச்சதும் விடியுமுன்னே தினை போட்டுப் பழக்குனேன். மார்கழி பிறந்ததுல இருந்து ஒரு நியமம் வச்சிருக்கேன். ஆயிரத்தெட்டு ஜபம், சாமிக்குப் படையல், அப்புறம்தான் மத்த வாய்க்கு."

"குருவிங்க ஒத்துக்கிச்சா?"

"முதல்ல ஒரே கத்தல். கண்ணாடிய அலகால கொத்துச்சு. நான் விடுவேனா? சத்தமா ஜபிச்சேன். நாலு நாள்ல அடங்கிட்டு. இன்னைக்குப் பாத்தா ஒம்பதும் வரிசையா உக்காந்திருக்கு. ஒரு சிறகு அசையல. வச்ச கண்ணு வாங்காம என்னையே பாக்குது."

சொல்லும்போதே அவருக்கு உடம்பு சிலிர்த்தது. பக்தியால்தான் என்று நினைத்துக்கொண்டார், பாவம்.

அம்மை பனி தள்ளும் பலகையைக் கீழே போட்டுவிட்டு விறுவிறுவென்று நடந்தார்.

ஜன்னல் விளிம்பில் ஒன்பது குருவிகள். உப்பிய உடம்பு, திறந்த கண்.

பலமாகக் காற்று அடித்தது. ஒன்றுகூடத் தலையைத் திருப்பவில்லை.

அவை பார்த்துக்கொண்டிருந்தது கோமதிநாயகத்தின் ஆசனத்தை அல்ல. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், படையல் தட்டில் தினை குவிந்திருந்தது.

அம்மை முதல் குருவியை விரலால் தொட்டார்.

உட்கார்ந்த கோலம் மாறாமல் அது கீழே விழுந்தது. கல் விழுந்த மாதிரி சத்தம் கேட்டது.

இரண்டாவதும் அப்படியே விழுந்தது. மூன்றாவதும்.

பின்னாலேயே வந்த கோமதிநாயகம், "போதும்மா, தொடாதீங்க" என்றார்.

அம்மை நிறுத்தவில்லை. எட்டும் விழுந்தன. கடைசிக் குருவியை மட்டும் இரண்டு கையாலும் எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தார்.

"இதுல இன்னும் சூடு இருக்கு, ஐயா."

கோமதிநாயகம் உள்ளே ஓடினார். சாமிக்கு இன்னும் காட்டாத தட்டிலிருந்து ஒரு பிடி தினையை அள்ளித் தன் வாயில் போட்டு மென்றார். மென்றதை விரல்நுனியில் எடுத்து அலகருகே நீட்டினார்.

"வாயத் தொற தாயி" என்று அழுதார். "வாயத் தொற."