வேலுக்கு ஒரு வேலி

பிரமோதூத ஆண்டு ஆவணி ஏழாம் நாள் காலை, கீழ்மருதைச் சமஸ்தானத்தின் ஆற்றங்கரை மேய்ச்சலில் நாற்பத்தொரு குதிரைகள் நின்றன. அவற்றில் ஒன்பதுக்கு உடம்பில் காயம். லாயத்துக்குப் பொறுப்பு மீராக்கண்ணு ராவுத்தர். ஒன்பதாவதாகக் காயம்பட்டது ராஜா உத்தண்டராயர் ஏறும் முத்துச்சரம், அதுவும் சினையாக இருந்தபோது. ஆகவே விஷயம் சபைக்கு வந்தது. மற்ற எட்டுக்கும் யாரும் சபையைக் கூட்டவில்லை.

காயத்துக்குக் காரணம் வேலி. மேய்ச்சல் நிலத்தின் பரப்பு ஒரு வேலி, அதாவது இருபது மா. அதைச் சுற்றி என்ன வேலி போடுவது என்று ஆனி மாதத்தில் ராஜா கேட்டார். இழைத்த மரச்சட்டம் போதும் என்றார் ராவுத்தர். அது ஆட்டுப்பட்டிக்குத்தான் ஆகும் என்று கோட்டைத் தளபதி ரணசூரர் சிரித்தார்.

"வேல் நட்டால்தான் அது வேலி. தமிழே அப்படித்தான் சொல்கிறது" என்றார்.

குதிரைக்கு எத்தனை குளம்பு என்று எண்ணிப் பார்த்தே சொல்லக்கூடிய இரண்டு புலவர்கள் கைதட்டினார்கள். ராஜாவும் மகிழ்ந்துவிட்டார். ஆயுதசாலையில் நானூறு வேல்கள் துருப்பிடித்துக் கிடந்ததும், அவற்றை எங்கே ஒளிப்பது என்று தளபதி ஒரு வருஷமாகத் தவித்ததும் அந்தத் தமிழில் வரவில்லை.

முழு நீளத்துக்கு நட்டால் வேல்கள் காற்றில் ஆடின. தளபதி காம்பைப் பாதியாக வெட்டி நட்டார். முனை சரியாகக் குதிரையின் மார்பு உயரத்துக்கு வந்து நின்றது. எதிரி வந்திருந்தால்கூட இவ்வளவு கச்சிதமாக நட்டிருக்க மாட்டான்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தவர் ஆதிமூலம். சபைக்கு வரும் பிராதுகளைப் படித்துக் காட்டுவது அவர் வேலை. ஊராரின் பொய்களைப் பல வருஷம் உரக்கப் படித்துப் பழகியதில், மனதில் ஓடுவது எதுவும் அவர் முகத்துக்கு வராது.

சபை கூடியதும் தளபதி முந்திக்கொண்டார். வேலியில் ஒரு குறையும் இல்லை, குதிரைகளுக்குத்தான் ஒழுக்கம் இல்லை, பழக்கியவரைக் கேளுங்கள் என்றார். ராவுத்தர் வாய் திறப்பதற்குள் ராஜா தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"நட்ட வேல் ஒன்றும் அசையக் கூடாது. குதிரைகள் அங்கேதான் மேய வேண்டும். இனி ஒரு குதிரைக்கு ரத்தம் வந்தாலும், ராவுத்தரே, உம்முடைய வலது கை போகும்."

ராவுத்தர் தம் வலது கையைப் பார்த்தார். முத்துச்சரம் தீவனம் தின்பது அந்தக் கையிலிருந்துதான்.

"மகாராஜா, இன்னொரு பிராது பாக்கி இருக்கிறது" என்றார் ஆதிமூலம். கையில் ஓலை எதுவும் இல்லை. "பிராது கொடுத்திருப்பவர்கள், தளபதியாரின் நானூறு வேல்கள். எதிரிகள், லாயத்துக் குதிரைகள். குதிரைகள் வேண்டுமென்றே மார்பால் முட்டி வேல்களைச் சாய்க்கின்றன. முனைகளில் ரத்தத்தைப் பூசித் துருவைக் கூட்டுகின்றன. வீரம் மிக்க வேல்கள் வெட்டவெளியில் அவமானப்பட்டு நிற்கின்றன."

சபையில் இரண்டொருவர் தலையைக் குனிந்துகொண்டார்கள். தளபதி மட்டும் நிமிர்ந்தார். அவர் பக்கம் பேச ஓர் ஆள் கிடைத்ததில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

"உண்மை, மகாராஜா. நஷ்டம் முழுக்க என் வேல்களுக்குத்தான்."

"அப்படியானால் அவற்றுக்குக் காவல் வேண்டாமா, தளபதியாரே?"

"கட்டாயம் வேண்டும்."

"குதிரைகள் வேல் பக்கம் வராமல் தடுக்க என்ன போடலாம்? கருங்கல் சுவரா?"

"எதற்கு? குதிரைதானே. மரச்சட்டமே போதும்."

ராஜா புருவத்தை உயர்த்தினார். ஆதிமூலம் அதைப் பார்க்காதவர்போல் நின்றார்.

"லாயத்து ஆட்களை விட்டுப் போடச் சொல்லட்டுமா?"

"அவர்களை என் வேல் பக்கம் விடமாட்டேன். என் சிப்பாய்களே போடுவார்கள்."

அப்படியே ஆகட்டும் என்றார் ராஜா.

சிப்பாய்கள் வெயிலில் வியர்த்துக் கொட்டி வேலை செய்தார்கள். ஆதிமூலம் குடை பிடித்துக்கொண்டு மேற்பார்வை பார்த்தார். ராவுத்தர் அவர் காதில் சொன்னதெல்லாம் வேல்களின் பெயரால் உத்தரவாக வெளியே வந்தது. வேல் வரிசைக்குப் பத்தடி உள்ளே தூண் நட வேண்டும். குதிரை சாய்ந்தால் சட்டம் கழன்றுவிடாதபடி தூணின் உள்பக்கம் அடிக்க வேண்டும். ஆணித்தலை வெளியே நீட்டக் கூடாது. விரட்டப்படும் குதிரை மூலையில் மாட்டிக்கொள்ளாதபடி மூலைகளை வளைக்க வேண்டும். ஓடி வரும் குதிரைக்குத் தூரத்திலேயே தெரியும்படி மேல்சட்டத்துக்குச் சுண்ணாம்பு பூச வேண்டும். வேல்களுக்கு இவ்வளவு வசதி எதற்கு என்று ஒரு சிப்பாய் கேட்டான். உன் தளபதியைக் கேள் என்றார் ஆதிமூலம்.

வேலை முடிந்ததும் ராஜா பார்க்க வந்தார். குதிரைகள் வெள்ளைச் சட்டம்வரை ஓடிவந்து நிதானமாகத் திரும்பின. வேல்கள் அப்பால் யாருக்கும் தொந்தரவில்லாமல் துருப்பிடித்துக்கொண்டிருந்தன.

"ஒரு வேலி நிலத்துக்கு இரண்டு வேலியா, ஆதிமூலம்?"

"நட்ட வேல் ஒன்றும் அசையவில்லை, மகாராஜா. குதிரைகளும் அங்கேதான் மேய்கின்றன. இது வேலுக்குப் போட்ட வேலி."

"சரி. குதிரையை மரச்சட்டம் காக்கிறது. வேல்களையும் மரச்சட்டம்தான் காக்கிறது. அப்புறம் அந்த வேல்கள் எதைக் காக்கின்றன?"

"தளபதியாரின் தமிழை, மகாராஜா. அவிழ்த்துவிட்டால் ஊருக்குள் புகுந்து யாரையாவது முட்டிவிடும்."

ராஜா சிரித்த சிரிப்பில் குதிரைகள் தலை தூக்கிப் பார்த்தன. புலவர்கள் இருவரும் இதற்கும் கைதட்டினார்கள். தளபதிக்குத் திடீரென்று கோட்டையில் அவசர வேலை வந்துவிட்டது.

ராவுத்தர் மேல் போட்ட தண்டனையை ராஜா அங்கேயே ரத்து செய்தார். ஆதிமூலத்துக்கு ஒரு வேலி இனாம் என்றார்.

"நிலமா, இரும்பா என்று இப்போதே சொல்லிவிடுங்கள், மகாராஜா" என்றார் ஆதிமூலம்.

நிலம்தான் கிடைத்தது.

பிரஜோற்பத்தி ஆண்டு சித்திரை ஐந்தாம் நாள் முத்துச்சரம் ஒரு பெண்குட்டி போட்டது. அதே மாதக் கடைசியில் ராஜாவின் உத்தரவுப்படி நானூறு வேல்களும் பிடுங்கப்பட்டுக் கொல்லர் உலைக்குப் போய், லாடங்களாகத் திரும்பி வந்தன.