சி டிரைவ் இல்லாத கணினி

பஸ் டிக்கெட் விற்கும் இணையதளம் காலையிலேயே படுத்துவிட்டது. கட்டணக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் வரி ‘சி டிரைவ்’ என்று தொடங்கியது. சி டிரைவ் விண்டோஸ் கணினியில்தான் இருக்கும்; லினக்ஸில் ஓடும் சர்வரில் அது கிடையாது.

“புதுசா சேர்ந்த செண்பகவல்லி வேலைதான் ஐயா,” என்றார் மேலாளர் தாமோதரன், முதலாளி அருளப்பனிடம். பிறகு அவள் பக்கம் திரும்பினார். “நீ எழுதலேன்னா இப்பவே நிரூபி. இல்லேன்னா வேலையை விட்டுக் கிளம்பு!”

செண்பகவல்லி தன் நாற்காலியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

“எழுதியிருப்பேன் சார். எப்படின்னுதான் தெரியலை. என் கணினியில ஒருதரம் அடிச்சுக் காட்டுங்க, இனிமே அப்படிச் செய்யமாட்டேன்.”

தாமோதரன் மிடுக்காக உட்கார்ந்து அடித்தார். நிரல் எழுதும் எடிட்டர், அந்தந்தக் கணினியில் உள்ள கோப்புகளின் வழியை மட்டுமே தானாக நிரப்பிக்கொடுக்கும். அவளுடையதும் சர்வரைப் போல லினக்ஸ், ஒன்றும் வரவில்லை.

“ஓட்டை மெஷின்! இங்க பாருங்க ஐயா,” என்று எரிச்சலோடு தன் விண்டோஸ் மடிக்கணினியில் இரண்டெழுத்து தட்டினார். மீதியை எடிட்டரே சரசரவென்று நிரப்பியது. சர்வரில் கிடந்த அதே வரி, கட்டணக் கோப்பு வரைக்கும்.

அருளப்பன் குனிந்து பார்த்தார்.

“உங்க கணினிக்கு மட்டும் வழி நல்லாத் தெரியுதே, தாமோதரன்?”

தாமோதரன் மடிக்கணினியைப் படாரென்று மூடினார், தன் விரல்மேலேயே.