கடைசியில் போய் நின்ற கடமான்

அந்தக் காட்டில் கோடை கொளுத்தியது. ஒரே ஒரு குட்டையில்தான் தண்ணீர் மிச்சம்! அங்கே காட்டெருமை மல்லன் வைத்ததுதான் சட்டம். கொம்புள்ளவர்கள் முதலில் குடிக்க வேண்டும், கொம்பில்லாதவர்கள் அப்புறம்தான்.

கடமான் மருதனுக்குக் கிளை கிளையாகக் கொம்பு. தினமும் தெளிந்த தண்ணீரை வயிறு முட்டக் குடிப்பான். அதில் பெருமை வேறு!

"நான் விடியற்காலையிலேயே எழுந்து வர்றேன். அதான் எனக்கு நல்ல தண்ணி!"

ஒருநாள் குடித்துவிட்டுத் திரும்பும்போது, புதரோரம் சருகுமான் பூவாத்தாள் அழுதுகொண்டிருந்தாள். அவளே முயல் அளவுதான் இருப்பாள், பாவம். பக்கத்தில் அவள் குட்டி நாக்கு வறண்டு சுருண்டு கிடந்தது.

"என்னம்மா இது? நேரத்தோட எழுந்து வந்திருக்கக் கூடாதா?" என்றான் மருதன்.

பூவாத்தாளுக்கு வந்ததே கோபம்! "உங்களுக்கு முன்னாடியே வந்து காத்துக் கிடக்கிறோம் அண்ணே! நீங்கெல்லாம் கலக்கிட்டுப் போனப்புறம் எங்களுக்குச் சேறுதான் மிச்சம். உங்களை முன்னால விடுறது உங்க கொம்பு!"

மருதனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "சரி, நாளைக்குக் குட்டியை என் காலடியில ஒளிச்சுக் கூட்டிட்டுப் போறேன்!"

"அப்போ முயல் குட்டி? அணில் குட்டி? அதுங்க சாகட்டுமா?"

மறுநாள் காலை மருதன் நேரே போய்ப் பூவாத்தாளுக்குப் பின்னால் நின்றான்!

"டேய், புத்தி கெட்டுப்போச்சா? முன்னாடி வா!" என்று கத்தினான் மல்லன்.

"இவங்க குடிச்சப்புறம் குடிக்கிறேன்!"

"அப்போ தாகத்துலயே கிட!"

மல்லன் தண்ணீர் குடிக்கக் குனிந்தான். இங்கேதான் வேடிக்கை! புலி வந்தால் மந்தியும் மயிலும் மரத்திலிருந்து கத்தும். அவை கத்தாவிட்டாலும் மருதன் ஓங்கிக் குரல் கொடுப்பான். அந்தத் தைரியத்தில்தான் மல்லன் இத்தனை நாள் நிம்மதியாகக் குடித்தான்.

"இனிமே உனக்காகக் குரல் கொடுக்க மாட்டேன்!" என்றான் மருதன்.

"நானும்தான்!" என்றது மந்தி. "நானும்!" என்றது மயில். காடே வாயை மூடிக்கொண்டது.

சருகு ஒன்று அசைந்தது. மல்லன் துள்ளி நிமிர்ந்தான். வெறும் காற்று! மறுபடி குனிந்தான், மறுபடி துள்ளினான். பயத்தில் ஒரு மிடறு தண்ணீர்கூட உள்ளே இறங்கவில்லை. வெயில் ஏற ஏற அவன் நாக்கும் வெளியே தள்ளியது.

"போதும்டா சாமி! எல்லாரும் வாங்க! குட்டிங்க முதல்ல குடிக்கட்டும்! யாராவது மரத்து மேல இருந்து பாருங்கப்பா!"

அடேயப்பா, அப்போது எழுந்த ஆரவாரத்தைக் கேட்க வேண்டுமே! பூவாத்தாளின் குட்டி தெளிந்த தண்ணீரில் முகத்தை முக்கி, மூக்கில் நீர் ஏறித் தும்மித் தும்மிக் குடித்தது. மருதன் தன் முறை வரும்வரை சிரித்துக்கொண்டே காத்திருந்தான்.

நமக்குக் கிடைக்கும் சலுகை அடுத்தவருக்கு மறுக்கப்படுகிறது என்று தெரிந்துவிட்டால், அதை விட்டு இறங்கி வந்து அவர்களோடு நிற்பதுதான் நியாயம்.