காலிக் கொட்டிலுக்குப் போன சேதி

ஒரு பாறைக் கரட்டில் அறுபது முயல் வளைகள் இருந்தன. வெளியிலிருந்து கிளிகள் கொண்டுவரும் சேதியை வாங்கி, வளை வளையாகப் போய்ச் சொல்வது ஒரு கரிச்சான் குருவி.

அந்தக் காட்டில் ஒரு சட்டம். எந்த இலக்கத்துக்குச் சேதியோ, அந்த இலக்கப் பலகை தொங்கும் இடத்துக்குத்தான் கிளி போகும். கரட்டு வளைகளில் தொங்கிய இலக்கங்களோ யானையுடையவை. எல்லாம் இரவல்!

ஒருநாள் யானை சொன்னது: "ஏய் கரிச்சான்! இலக்கம் என்னுடையது. இனி என் சேதியெல்லாம் போன பிறகுதான் முயல்களின் சேதி!"

"நீங்கள் குளித்த சேதி, கரும்பு தின்ற சேதி எல்லாம் போன பிறகா? அதற்குள் முயல்குட்டிக்குக் கல்யாணமே ஆகிவிடுமே, அண்ணே!"

"வாய் நீளுதா? போ, சொந்தமாக இலக்கம் வாங்கிக்கொள்!"

இலக்கம் கொடுப்பது ஆமை. கரிச்சான் அங்கே பறந்தது.

"ஐயா, அறுபது இலக்கம் வேண்டும்."

"கரட்டுக்கு எத்தனை பாதை வருகிறது?"

"ஒன்றுதான் ஐயா."

"இரண்டு இருந்தால்தான் சொந்த இலக்கம். இரண்டாவது பாதை வந்ததும் வா."

"அந்தப் பாறையில் யார் ஐயா பாதை போடுவார்கள்? யானை ஆயிரம் இலக்கத்தைக் காலிக் கொட்டில்களில் மாட்டி வைத்திருக்கிறதே! அதைக் கேட்க மாட்டீர்களா?"

"அவர் முந்தி வந்தவர்" என்றது ஆமை.

மழையை அனுப்பும் கடவுள் கூட யாரிடமும் பாதைக் கணக்குக் கேட்டதில்லை. இந்த ஆமை கேட்டது!

கரிச்சான் விடாமல் அங்கேயே நின்று கெஞ்சியது. விஷயம் தெரிந்த யானை, கரட்டிலிருந்த அறுபது இலக்கங்களையும் பிடுங்கித் தன் காலிக் கொட்டில்களில் மாட்டிவிட்டது.

மறுநாள் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு வேடன் வலையோடு கிளம்பினான். அதைப் பார்த்த ஒரு மான், கிளியைக் கூப்பிட்டது.

"முப்பத்தொன்றாம் இலக்கத்து முயலம்மாவிடம் சொல்! குட்டிகளோடு உடனே ஓடட்டும்!"

கிளி முப்பத்தொன்றைத் தேடிப் போனது. சேதியைச் சொல்லிவிட்டுத் திரும்பியது. கொட்டிலில் கேட்பதற்கு ஒரு ஈ கூட இல்லை.

முயலம்மா மேய்ந்துவிட்டு வந்தாள். வளை வாயில் அறுந்த வலைக்கயிறு கிடந்தது. மூன்று குட்டிகளையும் காணவில்லை.

அழுதுகொண்டே ஆமையிடம் ஓடினாள்.

"ஐயோ பாவம்! ஆனால் சட்டப்படி இரண்டு பாதை..." என்று இழுத்தது ஆமை.

"வேடன் அந்த ஒரே பாதையில்தானே வந்தான்!" என்று கரிச்சான் கத்தியது. "இரண்டாவது பாதை வரட்டும் என்று அவன் காத்திருந்தானா?"

ஆமை தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டது. முயலம்மா இரண்டு கையாலும் ஓட்டில் அடித்தாள். "வெளியே வா! என் முகத்தைப் பார்த்துச் சட்டம் சொல்!"



தனக்கு வேண்டாததைக் குவித்து வைத்திருப்பவனும், அவனைத் தட்டிக்கேட்காமல் இல்லாதவனிடம் மட்டும் சட்டம் பேசுகிறவனும், வலை வீசியவனைப் போலவே பாவிகள்தான்.