தோள்களைத் தாண்டிய சுல்தான்

எந்தக் காலமோ, மணல்குடி நாட்டை பதுருத்தீன் என்றொரு சுல்தான் ஆண்டுவந்தார். காலையில் ஓர் உத்தரவு போடுவார், மாலையில் அதை அவரே ரத்துசெய்வார். அவரோடு மல்லுக்கட்டியே மந்திரி உதுமான் ராவுத்தருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அந்த மனுசன் ஊரைவிட்டு ஓடாமல் இருந்ததே பெரிய காரியம்!

அரண்மனைக்கு எதிரே சுல்தானின் பாட்டனார் கட்டிய பெரிய பள்ளிவாசல். கட்டி முடித்த அன்றே பாட்டனார் சொல்லிவிட்டார்: "செருப்பை வாசலில் விடணும். தடாகத்தில் கை, முகம், கால் கழுவணும். முந்தி வந்தவருக்கு முன்வரிசை. பிந்தி வந்தவர் யாராக இருந்தாலும் அடுத்தவர் தோளைத் தாண்டக் கூடாது."

ஒரு வெள்ளிக்கிழமை சுல்தான் நன்றாகத் தூங்கிவிட்டுத் தாமதமாக வந்தார். பிரசங்கம் ஆரம்பித்தாயிற்று. இவரோ தோள் தோளாகத் தாண்டிக்கொண்டு முன்னே போனார். பாங்கு சொல்லும் மோதினார் பீர் ஒலி எழுந்து மறித்தார். பிரசங்க நேரத்தில் பேசக் கூடாதே! பின்னால் இருந்த காலியிடத்தைக் கையால் காட்டினார். சுல்தான் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கே போய் உட்கார்ந்தார்.

மந்திரி பதவிக்கு நாக்கைத் தொங்கப்போட்டிருந்த அபுசாலி அன்று மாலை சபையில் தூபம் போட்டான். "ஒரு மோதினாருக்கு இவ்வளவு திமிரா, அரசே?"

"நாளை பொழுது சாய்வதற்குள் அவன் குடும்பத்தோடு எல்லையைத் தாண்டணும்! பரிந்து பேசுகிறவனும் கூடவே போகணும்!" என்றார் சுல்தான்.

பீர் ஒலி வீட்டில் கைக்குழந்தை. மந்திரி பெருமூச்சு விட்டார், வீட்டுக்குப் போய்ப் படுத்தார்.

மறுநாள் சபை கூடியது. கம்பளத்தில் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்த பிறகு, மந்திரி மெல்ல வந்தார். வந்தவர் தோள்களைத் தாண்டிச் சிம்மாசனத்தை நோக்கி நடந்தார். கால் பட்டு அபுசாலியின் தலைப்பாகை உருண்டது.

"ராவுத்தரே! பைத்தியம் பிடிச்சிருக்கா? இது யார் சபை?" என்று சுல்தான் சீறினார்.

"நேரமாயிருச்சு அரசே. முன்னால உட்காரணும்னு ஆசை."

அபுசாலி துள்ளினான். "அரசர் சபையில் பிந்தி வந்துவிட்டு எங்கள் மேல் ஏறுவதா? அடுக்குமா இது?"

"அவர் சொல்றது நியாயம்தான்," என்றார் மந்திரி. "அரசர் சபையிலேயே தாண்டக் கூடாதுன்னா, அல்லாஹ்வோட வீட்டுல எப்படின்னு எனக்குத் தெரியலை. நான் யாருக்கும் பரிந்து பேசலை. முட்டி வலிக்குது. எங்கே உட்காரட்டும், சொல்லுங்க."

சுல்தான் தலையைக் குனிந்தார்.

"மோதினார் எங்கேயும் போக வேண்டாம்," என்றார். "அபுசாலி, ஒரு காலடிக்கே இப்படித் துள்ளுறீரே! இனி வெள்ளிக்கிழமைதோறும் பள்ளிவாசலில் செருப்புகளைப் பார்த்துக்கொள்ளும். ராவுத்தரே, உமக்கு என்ன வேணும்?"

"நாலு நாள் தூங்கணும், அரசே."

"போய்த் தூங்கும்!"

அடுத்த வெள்ளியும் சுல்தான் தாமதம்தான். அந்தப் புத்தி எங்கே போகும்? வெயில் காயும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கும் பிந்தி வந்த ஓர் உப்பு வியாபாரி, யாரென்று பாராமல், முழங்காலைத் தட்டித் தள்ளி உட்காரச் சொல்லிக் கைகாட்டினான். மணல்குடி சுல்தான் ஒடுங்கி நகர்ந்து இடம் விட்டார்.